உப்பு எதைச் சொல்கிறது?

"சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறாய்?" என்று ஒருவர் கோபத்தில் கேட்டால், கேட்கப்பட்டவர் தம் வீட்டுச் சமையலைப் பற்றி விளக்கம் சொல்லத் தொடங்குவதில்லை. உனக்கு மானம், ரோசம் எதுவும் இல்லையா என்பதே கேள்வி என்று உடனே விளங்கிவிடுகிறது. சொல்லப்பட்ட பொருள் உப்பு. உணர்த்தப்பட்ட பொருள் தன்மானம். கண்ணால் காணவும் கையால் தொடவும் கூடிய ஒரு பொருள், அப்படிக் காணவோ தொடவோ முடியாத ஒரு கருத்துக்காக இவ்வாறு நிற்பதைத்தான் குறியீடு என்கிறோம். உவமையில் 'போல' என்ற சொல் நடுவில் நின்று இரண்டையும் இணைத்துக் காட்டும். குறியீட்டில் அந்த இணைப்புச் சொல் மறைந்து, பொருளே கருத்தாகப் புழங்கும்.

குறியீடுகளைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் உப்பிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். தாமரை, பாம்பு, சக்கரம் போன்றவற்றின் குறியீட்டுப் பொருளை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உப்போ நாள்தோறும் நம் கையில் படுகிறது. அது எந்தெந்தக் கருத்துகளுக்கு நின்றிருக்கிறதோ அவை பெரும்பாலும் அதன் இயல்பிலிருந்தே பிறந்தவை என்பதைச் சமையலறையில் நின்றே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பீங்கான் ஜாடியில் இருக்கும் கல் உப்பைக் கவனித்திருப்பீர்கள். மூடி சரியாக இல்லாவிட்டால் ஈரக்காற்றை இழுத்து, கற்களின் முனை மழுங்கி, அடியில் நீர் கட்டி நிற்கும். ஒரு கரண்டித் தண்ணீரில் இரண்டு கல்லைப் போட்டுக் கலக்கினால் சிறிது நேரத்தில் கல் இருந்த அடையாளமே இருக்காது. நாக்கில் வைத்தால் மட்டும் இருக்கிறது என்று தெரியும். இந்த ஒரு காட்சி நம் இலக்கியத்திலும் சமயத்திலும் எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது என்பது வியப்புக்குரியது.

சங்க காலத்தில் உப்பு வணிகர்களுக்கு உமணர் என்று பெயர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்றவர்கள் அவர்கள். வழியில் பெருமழை பிடித்துக்கொண்டால் முதலே கரைந்துபோகும். குறுந்தொகையில் பரணர் பாடிய ஒரு பாடலில், ஏற முடியாத கரையில் நின்றுவிட்ட உப்பு வண்டியின்மேல் பெருமழை பெய்கிறது. ஒரு பெண்ணின் கூந்தல் அழகைக் கண்டு தன்னை இழந்துவிட்ட நெஞ்சுக்கு அது உவமை. நற்றிணையில் நல்லந்துவனார், மழையை ஏற்ற உப்பைப் போலத் தலைவி உருகி ஒழுகிவிடுவாளோ என்று தோழி அஞ்சுவதாகப் பாடுகிறார். அங்கே அவர் உப்பை உப்பு என்று சொல்லவில்லை. 'கடல்விளை அமுதம்' என்கிறார். கலித்தொகையின் ஒரு பகுதியான நெய்தற்கலியைப் பாடியவராகக் கருதப்படுபவரும் இவரே. அதில் காதலில் நிலைகுலைந்த ஒருவன், உப்பால் செய்த பாவையின்மேல் மழைத்துளி விழுந்தால் அது எப்படி உகுமோ அப்படி என் உயிர் உகுகிறது என்கிறான்: 'உப்பியல் பாவை உறையுற்றது போல'. வணிகனுக்கு நட்டமாக இருந்த ஒன்று கவிஞனுக்கு உருவமாகிவிட்டது.

அதே கரைதல் உபநிடதத்தில் வேறொரு வேலையைச் செய்கிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம், உப்பை நீரில் போட்டுவிட்டுக் காலையில் வா என்கிறார். காலையில், போட்ட உப்பை எடுத்துத் தா என்கிறார். மகன் கைவிட்டுத் தேடுகிறான், கிடைக்கவில்லை. மேலிருந்து ஒரு வாய், நடுவிலிருந்து ஒரு வாய், அடியிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்கிறார். எங்கும் கரிக்கிறது. கண்ணுக்குப் படாமல் எங்கும் நிறைந்திருக்கும் உண்மையும் இப்படித்தான், 'அதுவே நீ' என்று முடிக்கிறார். பாடம் நடத்துவதில் இதைவிட எளிய வழியை நான் படித்ததில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு இராமகிருஷ்ண பரமஹம்சர் சொன்ன கதையில், கடலின் ஆழத்தை அளந்து வருவதற்காக ஓர் உப்புப் பொம்மை கடலில் இறங்குகிறது, இறங்கியது கரைந்துவிட்டது, ஆழத்தை யார் வந்து சொல்வது? சங்கப் பாடலில் உயிர் அழிவதற்கு அடையாளமாக இருந்த அதே உப்புப் பாவை, இங்கே உயிர் இறையோடு ஒன்றாவதற்கு அடையாளமாகிறது. குறியீட்டைப் புதிதாகப் படிப்பவர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பொருளின் இயல்பு மாறவில்லை. அதைப் பார்ப்பவரின் ஏக்கம் மாறியதால் கருத்து மாறியது.

ஏட்டுக் கல்வி இல்லாதவர்களிடமும் இந்தக் கருத்து வாழ்கிறது. புள்ளிருக்குவேளூர் என்று தேவாரத்தில் வரும் வைத்தீஸ்வரன் கோயிலில், உடல் நோய் தீர வேண்டி வருவோர் உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். மாரியம்மன் கோயில்கள் பலவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. மரு உதிரவும் கட்டி கரையவும் நேர்ந்துகொண்டு உப்பைக் கொட்டும்போது, இந்த உப்புக் கரைவதுபோல என் நோயும் கரையட்டும் என்பதுதான் வேண்டுதல்.

கரைவது ஓர் இயல்பென்றால், சிறிது போதும் என்பது இன்னோர் இயல்பு. இதில் வள்ளுவரை மிஞ்ச ஆளில்லை.

'உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது
மிக்கற்றால் நீள விடல்'

கணவன் மனைவிக்கு இடையே வரும் ஊடல், உணவில் உப்பு அளவாக அமைந்ததைப் போன்றது. அதை நீளவிட்டால் உப்பு சற்றுக் கூடிப்போனது போலாகிவிடும் என்பது இதன் பொருள். காதலைப் பற்றிப் பேசுபவர்கள் தேனையும் பாலையும் தேடிப் போவார்கள். வள்ளுவர் அடுப்படிக்குப் போகிறார். தேன் சற்றுக் கூடினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் குழம்பு முழுவதும் வீண். ஊடலின் இயல்பைச் சொல்ல வேறு எந்தப் பொருளும் இவ்வளவு பொருந்தாது. நட்பைப் பற்றிப் பேசும்போது 'உப்பாதல் சான்றோர் கடன்' என்கிறார். உரிமையோடு நண்பர் செய்வதை இனிதாக ஏற்பது சான்றோரின் கடமை என்று உரைகள் விளக்குகின்றன. இன்னொரு குறளில் 'கூடலில் தோன்றிய உப்பு' என்று கூடலின் இன்பத்தையே உப்பு என்கிறார். ஆக, பழந்தமிழில் உப்பு என்ற சொல்லுக்கு இனிமை என்றும் பொருள் உண்டு. வடமொழியிலும் இதே வழிதான்: உப்பைக் குறிக்கும் லவணம் என்ற சொல்லிலிருந்து பிறந்ததே அழகைக் குறிக்கும் லாவண்யம். பெண் குழந்தைக்கு லாவண்யா என்று பெயர் வைப்பவர்களில் எத்தனை பேர் உப்பை நினைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

பல நாடுகளில் வழங்கும் ஒரு நாட்டுப்புறக் கதையும் இந்த இடத்திற்கு உரியது. என்னை எவ்வளவு நேசிக்கிறாய் என்று அரசன் தன் மகள்களிடம் கேட்கிறான். ஒருத்தி பொன்னைப் போல என்கிறாள், ஒருத்தி சர்க்கரையைப் போல என்கிறாள், கடைசி மகள் உப்பைப் போல என்கிறாள். அரசன் சினந்து அவளைத் துரத்திவிடுகிறான். பின்னொரு நாள் உப்பில்லாத விருந்து ஒன்றை அவன்முன் படைக்கும்போதுதான் மகள் சொன்னதன் பொருள் விளங்குகிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் ஊரில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சாரமற்ற பேச்சை உப்புச்சப்பில்லாத பேச்சு என்கிறோம். விவிலியத்தில் கொலோசெயருக்கு எழுதப்பட்ட கடிதமும், உங்கள் பேச்சு உப்பால் சாரமேறியதாக இருக்கட்டும் என்றே அறிவுறுத்துகிறது.

இனி, உப்பு கைமாறும் கதைக்கு வருவோம். நெல்லையும் காய்கறியையும் உள்நாட்டு மனிதன் தன் நிலத்திலேயே விளைத்துக்கொள்ளலாம். உப்பைப் பெரும்பாலும் பிறரிடமிருந்துதான் பெற்றாக வேண்டும். அகநானூற்றில் அம்மூவனார், கழி நிலத்து வயலில் 'உழாஅது செய்த வெண்கல் உப்பு' என்கிறார். உழவில்லாமல் விளைந்த அந்த உப்பை விற்க உமணர் மகள் ஒருத்தி ஊருக்குள் வருகிறாள். 'நெல்லின் நேரே வெண்கல் உப்பு' என்று, அதாவது நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு என்று, தெருவில் கூவுகிறாள். பழகாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரண்டு பார்க்கிறாள். அந்தப் பார்வையில் ஒருவன் மனம் பறிகொடுக்கிறான். பட்டினப்பாலையில் உப்பைக் கொடுத்து நெல்லை ஏற்றிவந்த படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகளைப் போல வரிசையாகப் பிணைக்கப்பட்டு நிற்கின்றன. புறநானூற்றில் ஔவையார், மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் மாற்று அச்சை, அதாவது சேம அச்சை, அதியமானின் மகனுக்கு உவமையாக்கினார்.

நெல்லுக்கு நிகராக நின்ற பொருளைத் தம் சோற்றில் இட்டுக் கொடுத்தவரை மறப்பது எப்படி? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியின் வேர் இதுதான். சோறிட்டவரை என்று சொல்லாமல் உப்பிட்டவரை என்று சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சோறு கண்ணுக்குத் தெரியும் உதவி. உப்பு அதற்குள் கரைந்து, உண்டவன் உடம்பிலும் கரைந்துவிட்ட உதவி. திருப்பிக் கொடுக்க முடியாதது. நமக் என்றால் உப்பு; இந்தி, உருது வழக்கில் நன்றி மறந்தவனை நமக்ஹராம் என்று திட்டுவதும், விசுவாசமுள்ளவனை நமக்ஹலால் என்று புகழ்வதும் இந்த எண்ணத்தின் மறுபக்கமே. அரபு மக்களிடையே, நமக்குள் ரொட்டியும் உப்பும் இருக்கிறது என்றால் இனி ஒருவருக்கொருவர் தீங்கு செய்ய மாட்டோம் என்று பொருள். அன்றாடங்காய்ச்சியின் வீட்டில்கூட இருக்கும் கடைசிப் பொருளாகவும் உப்பு நின்றிருக்கிறது: தம்மிடம் ஒன்றும் இல்லாதிருந்தும் முற்றத் துறக்காதவர், பிறர் வீட்டு 'உப்பிற்கும் காடிக்கும் கூற்று' என்கிறார் வள்ளுவர். கஞ்சிக்கும் உப்புக்கும் எமன் என்ற அந்த ஏளனத்தில் இருக்கும் காரம் இன்றும் குறையவில்லை.

ஒரு சிறு எச்சரிக்கையும் இங்கே தேவை. உரோமப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாகக் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் சேலரி என்ற சொல் அப்படித்தான் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தச் சொல் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது என்பது சரி. ஆனால் உப்பையே மூட்டையாகக் கூலி கொடுத்ததற்கு உறுதியான பழைய சான்று இல்லை. அதேபோல் நம் 'சம்பளம்' என்ற சொல்லைச் சம்பா, அளம் என்று பிரித்து, நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்ததால் வந்த பெயர் என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வழிச்செலவுக்கான உணவைக் குறிக்கும் சம்பலம் என்ற வடசொல் இருக்கும்போது, இந்தப் பிரிப்பை முடிந்த முடிவாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

உப்பு கெடாது, தான் சேர்ந்ததையும் கெடவிடாது. கருவாடும் ஊறுகாயும் உப்புக்கண்டமும் நமக்குத் தெரிந்த சான்றுகள். யூத மறையில் இந்த இயல்பு மாறாத வாக்குறுதிக்கு அடையாளமானது. படைக்கும் உணவுக் காணிக்கை எதிலும் உப்பு இல்லாதிருக்கக் கூடாது என்று லேவியராகமம் விதிக்கிறது. என்றும் முறியாத உடன்படிக்கையை உப்பு உடன்படிக்கை என்று எண்ணாகமம் அழைக்கிறது. இயேசு மலைப்பொழிவில் தம் சீடர்களைப் பார்த்து, 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்' என்றார். அந்த உப்பு சாரமற்றுப் போனால் எதனால் அதைச் சாரமாக்குவது என்றும் கேட்டார். உப்பு எப்படிச் சாரமற்றுப் போகும் என்று புதிதாகப் படிப்பவர் குழம்புவதுண்டு. பலரும் தரும் விளக்கம் இது: சாக்கடல் பகுதியில் அள்ளிய உப்பில் மண்ணும் வேறு தாதுக்களும் கலந்திருக்கும், ஈரம் பட்டு உண்மையான உப்பு மட்டும் கரைந்து போய்விட்டால், பார்வைக்கு உப்புப் போலவே வெள்ளையாக, ஆனால் சுவையற்ற ஒன்று மிஞ்சும். தோற்றம் இருந்தும் சாரம் போன சீடனுக்கு இதைவிடக் கூர்மையான படம் ஏது?

இத்தனை நன்மைக்கும் நின்ற அதே உப்பு, அழிவுக்கும் நிற்கிறது. தமிழே இதற்குச் சாட்சி: உப்பு இனிமையைக் குறிக்க, அதோடு உறவுடைய உவர்ப்பு என்ற சொல் வெறுப்பைக் குறிக்கிறது. உவர் நிலத்தில் புல் முளைக்காது என்பதைக் கண்ட கண், உப்பை மலட்டுத்தன்மையோடு சேர்த்தது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் அபிமெலேக்கு சீகேம் நகரை இடித்து அதன்மேல் உப்பை விதைக்கிறான். திரும்பிப் பார்க்காதே என்ற கட்டளையை மீறிய லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆகிறாள். கி.மு. 146-இல் உரோமர்கள் கார்த்தேஜ் நகரை அழித்து உப்பு விதைத்தார்கள் என்ற புகழ்பெற்ற கதையைப் பழைய வரலாற்று ஆசிரியர் எவரும் எழுதவில்லை. பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. ஆனாலும் அது நிலைத்துவிட்டது என்பதே இந்தக் குறியீட்டின் வலிமையைக் காட்டுகிறது.

தீமையை அரிக்கும் ஆற்றல் என்ற நம்பிக்கையும் இங்கிருந்துதான் கிளைக்கிறது. ஜப்பானில் சுமோ மல்லர்கள் களத்தைத் தூய்மைப்படுத்த உப்பை வீசுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் தீர்த்தத்தில் மந்திரித்த உப்பைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. நம் வீடுகளில் அந்தி நேரத்தில் குழந்தையைக் கிழக்கு முகமாக உட்காரவைத்து, ஒரு கை உப்பும் மிளகாயும் கடுகும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போடுவார்கள். உப்பு படபடவென்று வெடிக்கும். ஓசை பலமாக இருந்தால், 'எவ்வளவு கண்ணு பட்டிருக்கு, பாரு!' என்பார் பாட்டி. படிகத்துக்குள் சிக்கியிருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேறும்போது வரும் ஓசை அது என்று பேரன் சொன்னாலும், சுற்றிப்போடுவது நிற்பதில்லை. புதுமனை புகும்போது முதலில் உள்ளே கொண்டுபோவதும் உப்பும் மஞ்சளும்தான். கடலில் பிறந்ததால் அது திருமகளின் பொருள் என்பது நம்பிக்கை. உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று கீழே வைத்துத் தள்ளுகிறவர்களும், விளக்கு வைத்த பிறகு உப்பைக் கடன் கொடுக்காதவர்களும் இன்றும் இருக்கிறார்கள். உப்புச் சிந்துவது கெட்ட அடையாளம் என்ற ஐரோப்பிய நம்பிக்கையை, இயேசுவின் கடைசி விருந்தை வரைந்த லியனார்டோ டாவின்சி யூதாசின் கை பட்டுக் கவிழ்ந்த உப்புக் கிண்ணமாகத் தீட்டியிருக்கிறார்.

ஒரு குறியீடு அரசையே அசைக்கும் என்பதற்கு 1930-ஐத்தான் காட்ட வேண்டும். ஆங்கில அரசு உப்பு உற்பத்தியைத் தன் கைக்குள் வைத்து வரி விதித்திருந்தது. காந்தி போராட்டத்துக்கு உப்பைத் தேர்ந்தெடுத்தபோது, இவ்வளவு சிறிய பொருளா என்று அவருடைய தோழர்களே ஐயுற்றார்கள். மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து 78 பேருடன் புறப்பட்டு, ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை அள்ளினார். அந்தப் பிடியின் எடை முக்கியமில்லை. ஏழையின் கஞ்சியிலும் பணக்காரனின் விருந்திலும் இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி இருக்கும் ஒரே பொருளின்மேல் அன்னியன் கை வைத்திருக்கிறான் என்பதை எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவிலான தொண்டர் படை திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது. ஏறத்தாழ 240 கிலோமீட்டர். தஞ்சை மாவட்டக் கலெக்டராக இருந்த தார்ன், இவர்களுக்கு உணவோ தங்குமிடமோ தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிப் பழகிய மண்ணில், உப்பிடுவதையே குற்றமாக்கிய ஆணை அது. ஊர்மக்கள் வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்வார்கள். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார்.

உப்பு இருப்பதற்குப் பொருள் உண்டென்றால், இல்லாமைக்கும் உண்டு. விரத நாளில் உப்பை விலக்குவது, நாக்கின் ஆட்சியைச் சில மணி நேரமாவது ஒத்திவைப்பது. கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகரில் இந்த இல்லாமையே கோயிலாகியிருக்கிறது. மார்க்கண்டேயரின் மகளாக வளர்ந்த பூமிதேவியைத் திருமால் முதியவர் வடிவில் வந்து பெண் கேட்கிறார். உணவில் உப்புப் போடக்கூடத் தெரியாத சிறுமி அவள் என்று தந்தை தட்டிக்கழிக்கப் பார்க்கிறார். அவள் சமைக்கும் உப்பில்லாத உணவையே உண்டுகொள்கிறேன் என்று சொல்லி அவளை மணந்துகொள்கிறார் திருமால். நம்மாழ்வார் இத்தலத்து இறைவனைப் பாடியது 'தன்னொப்பார் இல்லப்பன்' என்று. தனக்கு ஒப்பார் இல்லாத ஒப்பிலியப்பன் அவர். மக்களின் நாவில் ஒப்பிலி என்பது உப்பிலி ஆனதா, கதை முந்தியதா, பெயர் முந்தியதா என்பதை அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். அங்கே மடைப்பள்ளியில் இன்றும் உப்புச் சேர்ப்பதில்லை. பிரசாதத்தை வாயில் போட்டதும் நாக்கு முதலில் தேடுவது, அங்கே இல்லாத அந்த ஒன்றைத்தான்.